பள்ளிச் சுவரில் தேவாங்கு வரையப் போகிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன மாதம் ஏழாம் வகுப்பில் ஒரு சண்டை. ஒல்லியான பையன் ஒருவனை இன்னொருவன் ‘போடா தேவாங்கு’ என்று சொல்ல, இவன் ஜியாமெட்ரி பாக்ஸைத் தூக்கி எறிய, இரண்டு பேரும் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். லேசான கீறல்தான்; இரண்டு வீட்டிலும் அன்றே பேசிவிட்டோம். வழக்கம்போல நாலு வார்த்தை திட்டி அனுப்பியிருப்பேன். என்னவோ தோன்றி, ‘தேவாங்கை நீ பார்த்திருக்கிறாயா?’ என்று கேட்டேன். திட்டியவனும் பார்த்ததில்லை, திட்டு வாங்கியவனும் பார்த்ததில்லை.

அப்புறம் வகுப்புக்கே போய்க் கேட்டேன். 38 பேரில் ஒரே ஒரு கை உயர்ந்தது. ராத்திரி மோட்டாருக்கு கரண்ட் வரும் நேரத்தில் தாத்தாவோடு தண்ணீர் பாய்ச்சப் போன பெண். ‘டார்ச் அடிச்சதும் ரெண்டு கண்ணும் கங்கு மாதிரி மின்னுச்சு சார். ஒரு கையை எடுத்து அடுத்த கிளையில வைக்கிறதுக்குள்ள எனக்குக் கழுத்து வலிச்சிருச்சு’ என்றாள். தாத்தா என்ன செய்தார் என்று கேட்டேன். சகுனம் சரியில்லை என்று மடையைக்கூடத் திறக்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாராம்.

கடவூர் மலையைச் சுற்றிக் குடியிருக்கும் நம் கதை இது. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்றே அமைந்த சரணாலயம் இந்தியாவில் இதுதான் முதல். எங்கோ இருப்பவர்கள் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டார்கள். நம் பிள்ளைகளுக்கோ அது வெறும் வசவு.

அதனால் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தபடி இருக்கும் நம் சுற்றுச்சுவரில், இந்த மண்ணின் உயிர்களை வரைவது என்று முடிவு செய்திருக்கிறோம். தேவாங்கு நடுவில் பெரிதாக வரும். பனங்காடை, செம்போத்து, கீரி, உடும்பு எல்லாம் சுற்றிலும் வரும். சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் போட்டால் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமே என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பிடிக்கும்தான். ஆனால் சிங்கத்தை அவர்கள் எல்லா நோட்டு அட்டையிலும் பார்க்கிறார்கள். சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போனபோது கூரையில் பார்த்தோமே, தாமரைக் குளம், அதற்குள் மீன், எருமை, யானை. ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அங்கே வரைந்தவர்களும் கண்ணெதிரே இருந்ததைத்தான் வரைந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ரோச்செஸ்டர் என்ற சிற்றூரில் உயரமான தானியக் கிடங்குகளின் மேல் ஒரு மீன்கொத்தியையும், ராத்திரியில் மரத்துக்கு மரம் சறுக்கிப் பாயும் அணில் போன்ற ஒரு விலங்கையும் வரைந்திருக்கிறார்கள். இரண்டும் அந்தப் பக்கத்து உயிர்கள். அந்தப் படத்தை வகுப்பில் காட்டியதும், ‘நம்ம சுவரு இவ்வளவு பெருசு இல்லையே சார்’ என்ற கவலைதான் முதலில் வந்தது.

படம் போட்டுத் தருபவர் நம் பள்ளிப் பிள்ளை ஒருவரின் அப்பா. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் எந்தக் கட்சிக்குச் சுவர் எழுத வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஃபிளெக்ஸ் வந்தபின் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார். நூலை நீலத்தில் நனைத்துச் சுவரில் சுண்டிக் கட்டம் போட்டு, கையகலப் படத்தை ஆள் உயரத்துக்கு அவர் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அவர் தாளில் வரைந்து காட்டிய முதல் தேவாங்குக்கு வால் இருந்தது! ‘அதுக்கு வாலே கிடையாது மாமா’ என்று திருத்தியவள் அந்தத் தண்ணீர் பாய்ச்சப் போன பெண்தான். அவர் சிரித்துக்கொண்டே அழித்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையமும், நடுவில் மூக்கு வரை இறங்கும் வெள்ளைக் கோடும் இரண்டாவது படத்தில் சரியாக வந்துவிட்டன.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுவரில் படம் வந்ததும் நேரில் பார்க்க ஆசை வரும். தயவுசெய்து பிள்ளைகளை டார்ச்சோடு காட்டுப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள். இருட்டுக்கென்றே ஆன கண் அது. வெள்ளை வெளிச்சம் ஆகாது. ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள்கூடச் சிவப்பு விளக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் வனஉயிர்ச் சட்டப்படி குற்றம். எந்தத் தோட்டத்தில் பார்த்தோம் என்பதைச் சுவரில் எழுத மாட்டோம். நீங்களும் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். பயிருக்கு ஆகாத பூச்சிகளையும் பிடித்துத் தின்கிற பிராணி. சகுனம் பார்க்கும் தாத்தா பாட்டிகளிடம் இதை நான் சொன்னால் எடுபடாது, பேரப்பிள்ளைகள் சொல்லட்டும்.

காசு எதுவும் கேட்கவில்லை. பெயிண்ட் செலவைப் பழைய மாணவர்கள் இருவர் ஏற்றுக்கொண்டார்கள். ‘உபயம்’ என்று பெயர் போட வேண்டாம் என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள் (அதற்குத் தனியாக ஒரு நன்றி). சுவரின் அடியில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருப்பதால், சுரண்டி, காயவிட்டு, பிரைமர் அடித்த பிறகுதான் படம். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். எனவே வரும் நான்கு சனிக்கிழமைகளில் காலை 7 மணி முதல் 10 மணி வரை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பித் தாருங்கள். ஏணியில் பெரியவர்கள் மட்டுமே ஏறுவார்கள். ஏழாம் வகுப்பிலிருந்து அந்தப் பெண்ணும், சண்டை போட்ட இரண்டு பேரும் மட்டும் வரலாம். அவர்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

யூனிஃபார்ம் வேண்டாம், பழைய சட்டை போதும். வண்ணம் கலக்க ஆளுக்கு நாலு கொட்டாங்குச்சி கொடுத்தனுப்புங்கள். போன தடவை வெள்ளையடித்த மறுநாளே இதே சுவரில் கல்யாண போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். யார் என்று தெரியும், கேட்கவில்லை. இந்த முறை வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் பசை வாளியோடு வருகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

கீழே இருக்கும் சம்மதச் சீட்டில் கையெழுத்திட்டு வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்