அமெரிக்காவின் டூசானிலிருந்து அப்பா, அம்மாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நல்லபடியாக இருக்கிறேன். போனில் பேசினால் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதிலேயே நேரம் போய்விடுகிறது, அம்மா போன வாரம் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். "வானத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா, நம்ம காவலூரில் இல்லாத டெலஸ்கோப்பா?" என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காவலூர் பெரிய இடம்தான். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று 1977-இல் தெரியவந்ததில் நம்ம ஜவ்வாது மலைக்கும் பங்கு உண்டு, வாணியம்பாடியில் பாதிப் பேருக்கு அது தெரியாது என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம். ஆனால் நான் செய்யும் வேலைக்கு ஒரு கேலக்ஸியை, அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு மண்டலத்தை, நன்றாகப் பார்த்தால் போதாது, லட்சக்கணக்கில் பார்க்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு கேலக்ஸி பிறந்து வளர்ந்து ஓய்வதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. குப்பம் கங்கம்மா ஜாத்திரைக்குப் போனால் கைக்குழந்தையிலிருந்து தடி ஊன்றி வரும் தாத்தா வரை ஒரே நாளில் பார்த்துவிடுகிறோம், மனுஷன் எப்படி வளர்கிறான் என்று அதிலிருந்தே சொல்லிவிடலாம், இதுவும் அப்படித்தான். அதோடு இங்கே இன்னொரு வசதி உண்டு: தூரத்தில் இருப்பதன் ஒளி வந்து சேர அவ்வளவு காலம் ஆவதால், தூரம் போகப் போக நாம் பார்ப்பது பழைய காலத்தை.

டூசானுக்குப் பக்கத்தில் கிட் பீக் மலையில் 4 மீட்டர் கண்ணாடி கொண்ட மேயால் டெலஸ்கோப் இருக்கிறது. அதில் டெசி என்ற கருவியைப் பொருத்தியிருக்கிறார்கள், 2021 மே மாதத்திலிருந்து முழு வீச்சில் ஓடுகிறது. உள்ளே 5000 குட்டி ரோபோக்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் தலைமுடி அளவு மெல்லிய ஒரு கண்ணாடி இழை. டெலஸ்கோப் புதுத் திசைக்குத் திரும்பியதும் ஒவ்வொரு ரோபோவும் தன் இழையைத் தனக்கான கேலக்ஸியின் ஒளி விழும் புள்ளிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். இதற்கு முன்பு இதே மாதிரி கேலக்ஸிகளைக் கணக்கெடுத்த ஸ்லோன் சர்வேயில் அலுமினியத் தட்டில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் ஆட்கள் கையால் இழை செருகினார்கள், அந்தப் பொறுமையை நினைத்தால் கும்பிடத் தோன்றும். டெசி 2025 மார்ச்சில் வெளியிட்ட முதல் தொகுப்பிலேயே ஒரு கோடிக்கு மேல் கேலக்ஸிகள்.

திரையில் எனக்கு வருவது அழகான படம் இல்லை, கேலக்ஸியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று காட்டும், ஏறி இறங்கும் ஒரு கோடு. ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி 656 நானோமீட்டரில் இருக்க வேண்டும். பிரபஞ்சம் விரிவதால் வரும் வழியில் அந்த அலை நீண்டுவிடும். அது 788-க்குப் பக்கத்தில் தள்ளி நின்றால் அந்த ஒளி கிளம்பி சுமார் 250 கோடி ஆண்டு ஆகிறது என்று கணக்கு. அந்த இடத்தில் ஊசி மாதிரி எழும்பி நின்றால் அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். எழும்பாமல் தட்டையாக இருந்தால் பிறப்பு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் என் ஆராய்ச்சி. வாயு குளிர்ந்தால்தான் நட்சத்திரம் பிறக்கும்; நடுவில் இருக்கும் கருந்துளை அந்த வாயுவைச் சூடாக்கிக் குளிரவிடாமல் செய்திருக்கலாம், கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கும் இடத்துக்குள் போய் விழுந்து வாயுவை இழந்திருக்கலாம், எது எங்கே எவ்வளவு என்று பிரிக்கத்தான் இத்தனை லட்சம் வேண்டியிருக்கிறது. 1000 கோடி ஆண்டுக்கு முன்பு பிரபஞ்சத்தில் இன்றைக்கு விடப் பத்து மடங்கு வேகத்தில் நட்சத்திரங்கள் பிறந்தன. அந்த வேகம் எப்படி இப்படிக் குறைந்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அம்மா.

நிலா வெளிச்சம் இருக்கும் இரவுகளில் மங்கலான தூரத்துக் கேலக்ஸிகளை விட்டுவிட்டு, பிரகாசமான பக்கத்துக் கேலக்ஸிகளை எடுப்பார்கள். என் வேலைக்கு வேண்டியவை அவைதான். அதனால் நீங்கள் அங்கே பௌர்ணமி பூஜை செய்யும் நாட்களை ஒட்டிய இரவுகள்தான் எனக்கு இங்கே நல்ல இரவுகள்.

அப்புறம் ஊரைப் பற்றி. வெயில் நம்ம ஊரைத் தோற்கடிக்கும், ஜூனில் 40 டிகிரிக்கு மேல், இட்லி மாவு மதியத்துக்குள் பொங்கிவிடும். ஆளைவிடப் பல மடங்கு உயரமான சகுவாரோ கள்ளி எங்கே பார்த்தாலும். டெலஸ்கோப்புக்காகத் தெருவிளக்கை அடக்கி வைக்க ஊரில் சட்டமே இருக்கிறது, இருட்டுத் தெருவில் நடக்க முதலில் பயந்தேன், இப்போது வாசலில் நின்றே நட்சத்திரம் பார்க்கிறேன். கிட் பீக் மலை டொஹோனோ ஓதாம் பழங்குடி மக்களின் நிலம், அவர்களுக்குப் புனிதமானது. 1958-இல் அவர்கள் சம்மதம் கொடுத்துதான் ஆய்வகம் வந்தது. மேலே போகும்போது அதை மறக்கக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

ஜூலை, ஆகஸ்டில் இங்கேயும் பருவமழை, மலையில் வேலை குறையும், அப்போது வர டிக்கெட் பார்க்கிறேன். ஆனால் அப்பாவின் கண் ஆபரேஷனை எனக்காகத் தள்ளிப்போட வேண்டாம், டாக்டர் சொன்ன தேதியிலேயே முடித்துவிடுங்கள், பணம் திங்கட்கிழமை அனுப்புகிறேன். புல்லூர் தடுப்பணையைத் தாண்டிப் பாலாற்றில் தண்ணீர் வந்ததா என்றும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்