மகளுக்கு ஒரு பித்தளை அடைப்பான்

ஸ்காபரோ
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்புள்ள மகளுக்கு,

படகு வாங்கிவிட்டேன் என்று நீ போனில் சொன்னவுடன் அம்மா கேட்டது "என்ன நிறம்?" நான் கேட்டது "எஞ்சின் உள்ளேயா, வெளியேயா?" இரண்டு கேள்விக்கும் நீ சிரித்தாய். பதினெட்டு அடி, பத்து வருடப் பழையது, எஞ்சின் உள்ளே, மே மாத விக்ரோரியா தின விடுமுறைக்கு ரைஸ் ஏரியில் இறக்கப் போகிறேன் என்றாய். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் "சரியப்பா, சரியப்பா." அந்தச் சரியப்பாவை எனக்குத் தெரியும். கார் பழக்கியபோதும் அதைத்தான் சொன்னாய், கராஜ் கதவு போனது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்குக் குறுக்கே நீ கதைக்க முடியாது.

ஊரில் வாடைக் காற்று ஓய்ந்து, கரையேற்றி வைத்த வள்ளத்தை மறுபடி கடலுக்கு இறக்க முன்னர், உன் அப்பப்பா பலகை பலகையாகத் தட்டிப் பார்ப்பார். சத்தத்திலேயே எது உக்கிவிட்டது என்று பிடித்துவிடுவார். இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்துக் கலப்பத்து அடித்து, மேலே சுறா எண்ணெய் பூசுவார்கள். அந்த மணம் ஒரு கிழமைக்கு வீட்டுச் சோற்றிலும் இருக்கும். உன் படகு ஃபைபர், அந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. ஆனாலும் எஞ்சினின் வால் பொருத்தியிருக்கிற பின்சுவரை மட்டும் ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிப் பார். டக் டக் என்று திருத்தமாகக் கேட்டால் நல்லது. ஈரச் சாக்கைத் தட்டின மாதிரிச் சத்தம் அமுங்கினால் உள்ளே இருக்கும் மரம் தண்ணீர் குடித்திருக்கிறது. அப்பப்பாவின் வித்தை இந்த நாட்டிலும் செல்லும்.

பிறகு ரப்பர். எஞ்சினுக்கும் வெளியே தண்ணீரில் நிற்கும் கால் பகுதிக்கும் நடுவில், ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். மடிப்புகளை விரித்து டோர்ச் அடித்துப் பார். வெடிப்பு தெரிந்தால் மாற்றாமல் இறக்காதே, அது கிழிந்தால் ஏரி நேரே உள்ளே வரும். அடுத்தது தண்ணீர் இழுக்கிற பம்பின் இம்பெல்லர். உள்ளங்கைக்குள் அடங்கும் ரப்பர்ச் சக்கரம், பூவிதழ் மாதிரி இதழ்கள். பனிக்காலம் முழுக்க ஒரு பக்கமாக மடிந்து கிடந்து அப்படியே விறைத்துவிடும். நான் ஒரு வருடம் கழற்றியபோது ஆறு இதழில் இரண்டைக் காணவில்லை, குழாயின் உள்ளே போய் அடைத்துக்கொண்டிருந்தன. வீட்டு முற்றத்தில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கிறபோதும், காது மூடி மாதிரியான அந்த ரப்பர்க் கவ்வியைக் கால் பகுதியில் தண்ணீர் இழுக்கும் ஓட்டைகள் மேல் மாட்டி, தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட பிறகுதான் திறப்பைத் திருப்ப வேண்டும். வெறும் எஞ்சினை ஓட்டினால் ஒரு நிமிடத்துக்குள் இம்பெல்லர் கருகிவிடும்.

கால் பகுதியில் கியர் ஒயிலையும் கொஞ்சம் வடித்துப் பார். தேநீருக்குப் பால் விட்ட நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எஞ்சின் இரும்பில் வெடிப்பு இருக்கிறதா என்று விற்றவரிடம் கேட்காதே, நீயே பார். தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், இரும்பு அதற்கு இடம் கொடுக்காது. பனிக்காலத்துக்குப் படகை விட்டு வைத்த ஓர் இடத்தில் எனக்கு நடந்தது அதுதான். எஞ்சினில் இருந்த தண்ணீரை வடித்து அந்த இளஞ்சிவப்பு அன்ரிஃப்ரீஸ் விட்டோம் என்று பில்லில் எழுதியிருந்தார்கள், காசும் வாங்கினார்கள். வசந்தத்தில் பார்த்தால் எஞ்சினின் விலாவில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. கேட்டதற்கு, ஏற்கெனவே இருந்திருக்கும் என்றார்கள். அதற்குப் பிறகு நானே பக்கத்தில் நின்று வடிப்பேன்.

பெற்றோல் எஞ்சின் உள்ளே இருக்கிற படகில், எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளும் ஊதுவிசிறியை நான்கு நிமிடம் ஓடவிட்ட பிறகுதான் ஸ்ரார்ட் பண்ண வேண்டும். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம். படகின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். நான்கு நிமிடம் நீளமாகத்தான் தெரியும், ஒரு பாட்டுக் கேள். ஆபத்தில் உதவி கேட்டுக் கொளுத்தும் தீச்சுடர்க் குழல்கள் வைத்திருந்தால் திகதியைப் பார், செய்த நாளிலிருந்து நான்கு வருடம்தான் செல்லும். விசில், பதினைந்து மீற்றர் எறிகயிறு, படகு ஓட்டுநர் அட்டை எல்லாம் உனக்குத் தெரியும். பரீட்சை எழுதியவள் நீ.

சரி, இந்தக் கடிதத்தோடு இருக்கும் பித்தளைச் சாமானுக்கு வருகிறேன். தண்ணீர் வடிக்கிற ஓட்டைக்கான அடைப்பான் அது. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் படகைத் தரைவழியாகக் கொண்டுபோக முன்னர் அதைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது சட்டம். 1988இல் இந்தப் பேரேரிப் பக்கம் முதலில் கண்டுபிடித்த வரிக்குதிரை மட்டி போன்ற சனியன்கள் ஓர் ஏரியிலிருந்து மற்ற ஏரிக்குப் போகாமல் இருப்பதற்காக. நல்ல சட்டம்தான். ஆனால் கழற்று என்று சொல்கிற சட்டம் திரும்பப் போடு என்று ஞாபகப்படுத்தாது.

எனக்கு அது சட்டத்துக்கு முந்திய காலத்திலேயே நடந்தது. ஒன்ராறியோ ஏரிக்கரையில் புளஃபர்ஸ் பூங்காச் சரிவில் படகை இறக்கிவிட்டு, காரைக் கொண்டுபோய் நிறுத்தி, ஆறுதலாகத் திரும்பி நடந்து வந்தால் படகின் பின்பக்கம் நீரோடு நீராக நிற்கிறது. பக்கத்தில் நம் சனம் இரண்டு குடும்பம் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெடியன் சத்தமாக "அங்கிள், உங்கட படகு இருக்குது" என்றான். மிதக்க வேண்டியது அடியில் குந்தி இருந்தால் வேறு எப்படிச் சொல்வான்? அன்றிலிருந்து அடைப்பானை எஞ்சின் திறப்போடு ஒரே கோர்வையில் போட்டு வைப்பேன். அடைப்பான் கையில் இருந்தால் ஓட்டை திறந்திருக்கிறது என்று அர்த்தம். உன்னுடையதும் அரை அங்குல மரை என்றால் இது பொருந்தும். பொருந்தாவிட்டாலும் கோர்வையில் கிடக்கட்டும்.

இனி, இதுவரை உனக்குச் சொல்லாத ஒன்று.

2016 ஏப்ரல் கடைசியில் அப்பாவின் புதுக் கண்ணாடி ஏரிக்குள் விழுந்துவிட்டது என்று சொன்னேனே, ஞாபகமா? நீ இரண்டாம் வருடப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். நானூறு டொலர்க் கண்ணாடியைக் கவனமாக வைத்திருக்கத் தெரியாதா என்று என்னைப் பேசினாய். கண்ணாடி மட்டும் விழவில்லை.

அன்று நல்ல வெயில், பதினெட்டுப் பாகை இருக்கும். புளஃபர்ஸ் பூங்காவின் செங்குத்து மண்மலைக்குக் கீழே காற்றே இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றினது போலக் கிடந்தது. வார நாள், மரீனாவில் ஆள் நடமாட்டம் குறைவு. முன்கயிற்றை இறுக்குவதற்குக் குனிந்தேன். ஒரு கால் படகு கட்டும் டொக் மேடையில், ஒரு கால் படகில். படகு மெல்ல விலகியது. இரண்டு தோணியில் கால் வைக்காதே என்று உனக்கு எத்தனை தரம் புத்தி சொல்லியிருப்பேன்!

தண்ணீர் நான்கைந்து பாகை. குளிர் என்றே தெரியவில்லை, யாரோ பலகையால் நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. என்னைக் கேளாமலே வாய் திறந்து மூச்சை இழுத்தது, அதில் பாதி தண்ணீர். கத்த வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. டொக்கின் விளிம்பு தலைக்கு மேலே ஒரு முழம். பிடித்தேன், உடம்பைத் தூக்க முடியவில்லை. மதிலேறி மாங்காய் பறித்த கைகள் இவை. கொஞ்ச நேரத்தில் விரல்கள் மடங்கவே மறுத்தன. என் கண்ணுக்கு முன்னால், வேறு யாருடைய விரல்கள் போலவோ நீட்டிக்கொண்டு நின்றன. ஏணி டொக்கின் மற்றத் தலைப்பில், ஆறேழு பாகம் தள்ளி. லைஃப் ஜாக்கெற் படகின் இருக்கையில். கண்ணாடி இல்லாமலும் அதன் சிவப்பு எனக்கு வடிவாகத் தெரிந்தது.

நான்கு படகு தள்ளித் தன் படகைத் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் இத்தாலியக் கிழவர் நான் விழுந்த சத்தம் கேட்டு வந்தார். படகுக் கொக்கியை என் சேர்ட் கொலரில் மாட்டி, ஆட்டை இழுக்கிற மாதிரி ஏணி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடத்துக்கு மேல் இராது. தன் காரில் ஹீற்றரைப் போட்டு இருத்தி, பிளாஸ்கில் இருந்த கோப்பியை அவரே பருக்கினார். கோப்பையைப் பிடிக்க எனக்குக் கை இல்லை.

வல்வெட்டித்துறைக்காரனுக்கு நீச்சலை யாரும் பழக்குவதில்லை, அது தானாக வரும். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பியபோது எனக்கு எட்டு வயது. அந்த வருடம் ஊர்ப் பெடியன் ஒவ்வொருவனும் ஆனந்தன்தான். ஆனால் நாங்கள் குதித்த கடல் எந்த மாதத்திலும் வெதுவெதுப்பாகவே இருந்தது. அதே ஆனந்தன் 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே உயிர்விட்டார். கடலுக்குக் கடல் வேறு என்று அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்காமல் முப்பத்திரண்டு வருடம் போனது.

மனிரோபா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த கோர்டன் கீஸ்பிறெக்ற் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். குளிர்நீரில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று தானே பனித்தண்ணீரில் இறங்கிக் காட்டியவர். அவர் சொல்லும் கணக்கு 1–10–1. மூச்சை அடக்கி நிதானத்துக்கு வர ஒரு நிமிடம். கை கால் சொல்வழி கேட்பது பத்து நிமிடம். குளிரில் நினைவு தப்ப ஒரு மணித்தியாலம். விழுந்தவுடன் விறைத்துச் சாவோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். அந்த ஒரு மணித்தியாலத்துக்குப் பலர் போய்ச் சேர்வதே இல்லை. முதல் நிமிடத்திலேயே தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள், அல்லது கை விட்டுப்போகிறது. அந்த ஒரு நிமிடம் உன் முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்க ஜாக்கெற் உடம்பில் இருக்க வேண்டும். விழுந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது, மோதிய பிறகு சீற் பெல்ற் போடுகிற கதை.

பெரியவர்களுக்கு ஜாக்கெற் படகில் இருந்தாலே போதும் என்கிறது சட்டம். என் சட்டம் வேறு. காரை விட்டு இறங்கும்போதே போடு. நான் விழுந்தது டொக்கில், படகு கட்டியிருந்தபோது. ரைஸ் ஏரி ஆழம் குறைந்தது, 244 மீற்றர் ஆழமுள்ள ஒன்ராறியோ ஏரியை விடக் கெதியாகச் சூடாகும், உண்மைதான். அதற்காக மே மாதத்து வெயிலைப் பார்த்துத் தண்ணீரைக் கணிக்காதே. பதினைந்து பாகைக்குக் கீழே என்றால் மூச்சை இழுக்கிற அந்த வேலையை அதுவும் செய்யும். கையில் ஒரு வெப்பமானி கொண்டுபோ, அம்மா குழந்தைகளைக் குளிப்பாட்ட வைத்திருந்த அந்த மஞ்சள் வாத்து வெப்பமானி இன்னும் இங்கே கிடக்கிறது.

நீ ஆசைப்படுவது படகுகளை மேலே தூக்கிக் கீழே இறக்குகிற அந்தப் பீற்றர்பரோ லிஃப்ற் லொக்குக்குப் போகத்தான் என்று அம்மா சொன்னா. போ, எனக்கும் அது பிடிக்கும். 1904இல் கட்டி முடித்தது, 65 அடி உயரம் தூக்குகிறது. இரண்டு பெரிய தொட்டிகள். மேலே நிற்கிற தொட்டியில் ஓர் அடித் தண்ணீர் கூட விடுகிறார்கள், அந்தப் பாரத்தில் அது இறங்க மற்றது உன்னைப் படகோடு தூக்கிக்கொண்டு ஏறும். நம் கிணற்றுத் துலாதான், கனடாக்காரன் கொங்கிறீற்றில் கட்டியிருக்கிறான். லொக்குகள் விக்ரோரியா தினத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் வழக்கமாகத் திறக்கும், அன்றைக்கே போய் நெரிபடாதே. உருகிய பனி முழுக்க அப்போது ஒற்றனபி ஆற்றில்தான் வரும், மரக்கட்டைகளும் அதோடு பாதி அமிழ்ந்து வரும். ஜூன் வரட்டும். வழியில் வரும் மற்ற லொக்குகளில் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டாதே, ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடி. தண்ணீர் இறங்குகிறபோது கட்டிய படகு கயிற்றில் தொங்கும்.

படகை இறக்குகிற நாளைச் சொல், வருகிறேன். கயிறு பிடிக்க ஓர் ஆள் வேண்டும்தானே. மூன்று பிள்ளைகளோடு வரும் உன் சிநேகிதி குடும்பத்துக்கும் சொல், சின்ன அளவு ஜாக்கெற்றுகளை அவர்களே போட்டுப் பார்த்துக் கொண்டுவரட்டும்.

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு எங்கேயாவது வைத்துவிடு, இங்கே வரும்போது கொண்டுவராதே. கண்ணாடிக் கதை அம்மாவுக்கு இன்னும் கண்ணாடிக் கதைதான்.

அன்புடன்
அப்பா