லோபு துவா மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஓப்புங் போரு அவர்களுக்கும், லோபு துவாவில் என்னைத் தாங்கிய எல்லாருக்கும்,

ஹோராஸ். வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். வட சுமத்ராவின் மேடான் நகரில் கம்பொங் மெட்ராஸ் பகுதியில் இருக்கும் நண்பர் இதை உங்கள் மொழியில் ஆக்கி, நேரில் வந்து படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் எனக்குச் செய்ததை என் ஊர்க்காரர்களும் அறிய வேண்டும். தமிழில் எழுதுவது அதற்காகத்தான். ஓப்புங் போரு என்றால் பத்தாக் மொழியில் பாட்டி என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, முதலில் உங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன்.

சுமத்ராவின் மேற்குக் கரையில், சிபொல்காவுக்கு வடக்கே பாரூஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. முன்னால் இந்தியப் பெருங்கடல், பின்னால் பாரிசான் மலைத்தொடர். பாரூஸை அடுத்து, மத்திய தப்பானுலி மாவட்டத்தின் அண்டாம் தேவி வட்டத்தில் இருப்பது லோபு துவா. பத்தாக் மொழியில் 'லோபு' என்றால் மக்கள் விட்டுப்போன பழைய குடியிருப்பு. இன்று தென்னையும் ரப்பரும் நிற்கும் அந்த மண்ணில் 9ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஏறக்குறைய 250 ஆண்டுகள் ஒரு வணிக நகரம் இருந்தது. பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் 1995 முதல் அங்கே தோண்டியபோது சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தன. தென்னிந்தியப் பானை ஓடுகளும் கிடைத்தன. 12ஆம் நூற்றாண்டு பிறக்கும் நேரத்தில் ஊர் கலைந்துபோயிற்று. கெர்காசி என்னும் பூதங்கள் வந்து அழித்தன என்பது அந்தப் பக்கத்துக் கதை.

எல்லாரையும் அங்கே இழுத்தது கற்பூரம். கொளுத்துகிற சூடம் அன்று. பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரம். உயர்ந்து வளர்ந்த மரத்தை வெட்டிப் பிளந்தால், வயிரத்தின் வெடிப்புகளில் வெள்ளைப் படிகமாக உறைந்திருக்கும். எல்லா மரத்திலும் இருக்காது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கும்போது 'வாறோசு' என்று ஒன்றைச் சொல்கிறார். அது பாரூஸ்தான். பாரூஸுக்குப் பின்னால் எழும் மலைகளில் இன்றும் மரத்தைக் கீறிச் சாம்பிராணி எடுக்கிறார்கள்.

அந்த மண்ணில்தான் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, மாசித் திங்கள், அதாவது கி.பி. 1088. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 'வரோசு' என்ற இடத்தில் கூடி நட்ட கல் அது. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பிறகு கல்வெட்டறிஞர் சுப்பராயலு அதை மறுபடி வாசித்துத் தெளிவாக்கினார். கல் இப்போது ஜகார்த்தாவில், தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நின்ற மண்ணையாவது ஒருமுறை மிதிக்க வேண்டும் என்றுதான் நான் கிளம்பினேன்.

வந்த இரண்டாம் நாளே பாப்பான் திங்கி மலையில் விழுந்தேன். உச்சியில் இருக்கும் நீண்ட சமாதியைப் பார்க்க எழுநூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிவிட்டேன். இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு படியில் வழுக்கி, கணுக்கால் மடங்கிவிட்டது. மேலே ஏறிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், தாங்கள் நேர்ந்துகொண்டு வந்த பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஆளுக்கொரு தோள் கொடுத்து என்னைக் கீழே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் 'மெல்ல, மெல்ல' என்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த மடல் அவர்கள் காதுக்கு எட்ட வேண்டும்.

என் வண்டி ஓட்டுநர் காரோ மலைநாட்டுக்காரர். குலம் கேட்டால் செம்பிரிங், அதற்குள் சோலியா. அந்தக் குலத்தில் பாண்டியா, பெலாவி என்ற கிளைகளும் உண்டு. இப்பெயர்களை ஆய்வாளர்கள் தென்னிந்தியாவோடு சேர்த்துப் பேசுகிறார்கள். 'விடுதியில் உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?' என்று சொல்லி, தனக்குத் தெரிந்த ஓப்புங் போருவின் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார். ஓப்புங், நீங்கள் என்னிடம் எந்த நாடு என்று கேட்கும் முன்னே எந்தக் குலம் என்று கேட்டீர்கள். நான் விழிப்பதைப் பார்த்து, 'சரி, முதலில் சாப்பிடு' என்று சொல்லிவிட்டு உள்ளே போனீர்கள். ஐந்து நாள் உங்கள் வீட்டில் கிடந்தேன்.

குசுக், அதாவது எண்ணெய் தடவி உருவிவிடுதல், செய்யும் அம்மா காலையும் மாலையும் வந்தார். கையில் கருத்த எண்ணெய்ப் புட்டி. கட்டை விரலால் கணுக்காலைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்து, வலி இருக்கும் இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். என் கண்ணில் நீர் வந்தால், தன் பேரன் பள்ளிக்குப் போக மறுத்த கதையைத் தொடங்குவார். மூன்றாம் நாள் நான் பாதம் ஊன்றியபோது அவர் முகத்தில் வந்த மலர்ச்சி என் அம்மா முகத்தில் நான் பார்த்திருக்கும் மலர்ச்சிதான். காசு நீட்டினேன், எண்ணெய் விலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் சட்டைப்பையிலேயே திணித்தார்.

சாப்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. மரவள்ளி இலையைக் கட்டை உரலில் போட்டு இடிக்கும் சத்தம் கேட்டு, நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனேன். இலையோடு சேர்ந்து பச்சைப் பச்சையாக உருண்டைக் காய்கள் நசுங்கிக்கொண்டிருந்தன. எடுத்துப் பார்த்தால் சுண்டைக்காய்! நீங்கள் 'ரிம்பாங்' என்றீர்கள். எங்கள் வீட்டில் மோரில் ஊறவைத்து வற்றல் போடும் அதே காய். நீங்கள் அதைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்து, கருவாட்டோடு சோற்றில் இட்டீர்கள். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். நீங்களும் மறுக்காமல் போட்டீர்கள்.

அன்று இரவுதான் கேட்டீர்கள்: 'அந்தக் கல்லில் என்னதான் எழுதியிருக்கிறது? தேடி வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு யாரும் படித்துக் காட்டியதில்லை.' எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எத்தனை கட்டுரைகளில் உங்கள் ஊர்ப்பெயரைப் படித்திருக்கிறேன்! அந்த ஊரில் மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இதை அறியும் உரிமை உண்டு என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கைப்பேசியில் இருந்த வாசகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பினாங்கில் வேலை பார்த்த நாளில் பழகிய மலாயில் பொருள் சொன்னேன். துறைக்கு வரும் மரக்கல நாயகர்கள், கஸ்தூரி விலையைக் கணக்கில் வைத்து இவ்வளவு பொன் கொடுத்த பிறகே விரித்த பாவாடையில் ஏற வேண்டும். அறத்தை மறக்க வேண்டாம், அறமே துணை. இவ்வளவுதான் செய்தி. பக்கத்து வீட்டுப் பெரியவர், 'அப்படியென்றால் இது சண்டைக்கு வந்தவர்கள் வைத்த கல் இல்லையா?' என்றார். இல்லை ஐயா. வணிகர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. என் மக்களுக்கும் இதைச் சொல்கிறேன். ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்தது 1025 வாக்கில். இந்தக் கல் அதற்கு அறுபது ஆண்டுக்கு மேல் பிந்தியது. இதைக் காட்டி லோபு துவாவை 'நம் ஊர்' என்று யாரும் எழுதாதீர்கள். நம்மவர்கள் அங்கே இருந்தார்கள், விற்றார்கள், வாங்கினார்கள். ஊர் அவர்களுடையது.

பாவாடை என்றால் என்ன என்று பேரப்பிள்ளை கேட்டான். மதிப்புக்குரியவர்கள் நடக்கவும் உட்காரவும் விரிக்கும் துணி என்றேன். 'இதுபோலவா?' என்று, நாங்கள் உட்கார்ந்திருந்த பாயைத் தட்டிக் காட்டினான். ஐந்து நாளும் நான் வெளித்திண்ணையிலிருந்து உள்ளே வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஓடிவந்து விரித்த பாய் அது. ஒரு குன்றிமணிப் பொன்கூடக் கொடுக்காமல் அதில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

ஓப்புங், நீங்கள் கேட்டதை அனுப்புகிறேன். கல்வெட்டின் வாசகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கீழே உங்கள் எழுத்தில் உச்சரிப்பும் உங்கள் மொழியில் பொருளும் சேர்த்திருக்கிறேன். ஒன்று பள்ளிக்கூடச் சுவருக்கு, ஒன்று உங்கள் வீட்டுக்கு. குசுக் அம்மாவுக்கு ஒரு கைத்தறிப் புடவை. மறுக்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பேரனுக்கு ஒரு பொட்டலம் சுண்டை வற்றல் இருக்கிறது. எண்ணெயில் பொரித்துக் கொடுங்கள். கருகுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
சென்னையிலிருந்து வந்த விருந்தாளி