செத்தவர்கள் எழுந்த இரவைக் காத்துத் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

1968-இல் வெளியான அமெரிக்கக் கருப்பு-வெள்ளைத் திகில் படம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. அதன் நெகடிவ்வை, அதாவது கேமராவில் ஓடிய மூல ஃபிலிமை, பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கும், அதை 4கே-யில் (சுமார் 4,000 பிக்சல் அகல நுணுக்கத்தில்) மீட்டெடுத்தவர்களுக்கும், டிஸ்க்காக வீடுவரை கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும் இந்த மடல். பழைய படச்சுருளோடு வேலை செய்கிறவர்கள் நாங்கள். "படம் பளிச்சென்று இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. எங்கே எந்தக் கை உழைத்திருக்கிறது என்பது திரையிலேயே தெரிகிறது. அதைச் சொல்லித்தான் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் நன்றி, எடுத்தவர்களுக்கே. பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பத்துப் பேராகச் சேர்ந்து, ஆளுக்கு 600 டாலர் போட்டு 'இமேஜ் டென்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். படம் முடிந்தபோது செலவு ஏறக்குறைய 1,14,000 டாலர். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்பு, இசைக்கு ஏற்கெனவே பதிவான நூலக இசை என்று எல்லாவற்றிலும் சிக்கனம் பார்த்தவர்கள், ஃபிலிமில் மட்டும் கை வைக்கவில்லை. மலிவான 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்து முடித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்; அதைவிட அகலமான 35 மி.மீ.யில் எடுத்தார்கள். இன்று பலகை அடித்த ஜன்னலில் மரத்தின் ரேகைவரை தெரிகிறதென்றால் அதற்கு அடித்தளம் அந்த முடிவுதான்.

படத்துக்கு நேர்ந்த கேடு பலருக்கும் தெரிந்ததே. 'நைட் ஆஃப் தி ஃப்ளெஷ் ஈட்டர்ஸ்' என்ற பழைய தலைப்பை மாற்றியபோது, தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை அறிவிப்பும் சேர்ந்து போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அறிவிப்பு இல்லாமல் வெளியான படம் பொதுச் சொத்து. பிறகு யார் யாரோ பிரின்ட்டிலிருந்து டூப் நெகடிவ் (நகல் நெகடிவ்), அதிலிருந்து மறுபடி பிரின்ட், அதிலிருந்து வீடியோ என்று எடுத்து விற்றார்கள். ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் கான்ட்ராஸ்ட் ஏறும், நிழல் அடைத்துக்கொள்ளும், முந்தைய பிரதியின் கீறல் புதிய பிரதியில் படமாகவே பதிந்துவிடும். அப்படிப் பதிந்த கீறலை எந்தத் திரவத்தாலும் கழுவ முடியாது. கரியும் சுண்ணாம்புமாகக் கிடந்த அந்தப் பிரதிகளைப் பார்த்துத்தான் இரண்டு மூன்று தலைமுறை ரசிகர்கள் "படமே இப்படித்தான்" என்று நம்பினார்கள். அதனால்தான் கேமரா நெகடிவ்வையே மூலமாகக் கொண்டு வேலை செய்தது இத்தனை பெரிய விஷயமாகிறது.

மீட்பை நடத்திய நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கும், பழைய படங்களைக் காக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷனுக்கும், செலவை ஏற்ற ஜார்ஜ் லூகாஸ் குடும்ப அறக்கட்டளைக்கும் செலஸ்ட் பார்ட்டோஸ் நிதிக்கும் எங்கள் வணக்கம். செலவு என்றால் எவ்வளவு வேலை என்று தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். 96 நிமிடப் படம், நிமிடத்துக்கு 90 அடி வீதம் 8,640 அடி ஃபிலிம். நொடிக்கு 24 பிரேம் என்றால் 1,38,240 பிரேம்கள். 4கே-யில் ஒரு முழு பிரேமை 10-பிட் கோப்பாக வைத்தால் சுமார் 51 மெகாபைட். ஸ்கேன் மட்டும் 7 டெராபைட் ஆகும். அதற்கு இரண்டு காப்புப் பிரதி, சுத்தம் செய்த கோப்புகள், கிரேடிங் (ஒளி-நிழல் சரிசெய்தல்) முடிந்த கோப்புகள் என்று சேர்த்தால் சேமிப்புக்கே தனிச் செலவு.

பிரேம் பிரேமாக உட்கார்ந்து தூசி எடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி தனியாகச் சேர வேண்டும். வண்ணப் படமென்றால் ஸ்கேனர் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சித் தூசியைத் தானே கண்டுபிடித்துவிடும். வண்ணச் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், தூசி மறைக்கும், வேலை எளிது. கருப்பு-வெள்ளையில் படமே வெள்ளித் துகள். வெள்ளியும் அகச்சிவப்பை மறைப்பதால் தூசி எது, படம் எது என்று கருவிக்குப் புரியாது. அந்த வசதி இங்கே அடியோடு இல்லை. நெகடிவ்வில் ஒட்டிய தூசி திரையில் வெள்ளைப் புள்ளியாக வரும். இருட்டுக் காட்சிகள் நிறைந்த படத்தில் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தப்பாது. ஃபிலிமின் அடித்தளப் பக்கக் கீறலை, அதே ஒளிவிலகல் கொண்ட திரவத்தில் நனைத்து ஸ்கேன் செய்தால் மறைத்துவிடலாம். படம் இருக்கும் எமல்ஷன் பக்கம் கீறினால் வெள்ளியே உரிந்து போயிருக்கும்; அங்கே பக்கத்துப் பிரேமிலிருந்து எடுத்து ஒட்டுப்போடுவதுதான் வழி.

சரி, மென்பொருளைத் தானாக ஓடவிட்டால் என்ன? ஒரே ஒரு பிரேமில் மட்டும் தோன்றி மறைவதெல்லாம் அதற்கு அழுக்கு. துப்பாக்கி வாயில் தெறிக்கும் தீ, பந்தத்திலிருந்து பறக்கும் பொறி, வேகமாக வீசும் கையின் விரல் நுனி எல்லாவற்றையும் தின்றுவிடும். இந்தப் படத்தின் முடிவில் வரும் புகைப்படங்களைப் பாருங்கள். சொரசொரப்பாக, செய்தித்தாளில் அச்சான படம்போல வரும். அந்தச் சொரசொரப்புதான் அங்கே வயிற்றைப் பிசைகிறது. இரைச்சலென்று நினைத்து அதை வழித்தெடுத்திருந்தால் படத்தின் கடைசி அடியே வலுவிழந்திருக்கும். விட்டுவைத்தவர்கள் நீடூழி வாழ்க.

ஒலிக்கும் இதே கதைதான். மோனோ ஒலித்தடம், நெடுக ஒரு 'உஸ்' சத்தம். வெளிப்புற இரவுக் காட்சிகளில் சில்வண்டு விடாமல் இரைகிறது. 'உஸ்' சத்தமும் சில்வண்டும் ஏறக்குறைய ஒரே உயர் அதிர்வெண்ணில் கிடப்பதால் இரைச்சல் நீக்கியைக் கொஞ்சம் கூட்டினாலும் வண்டு தண்ணீருக்குள் கத்துவதுபோல ஆகிவிடும். வசனத்தில் ச, ஸ ஒலிகள் மழுங்கும். அன்று ஒலிப்பதிவில் இருந்த கேரி ஸ்ட்ரெய்னரே ரொமேரோவோடு உட்கார்ந்து மீட்பை மேற்பார்த்தார் என்பதுதான் இங்கே கைகொடுத்தது. எது அன்று பதிந்த சத்தம், எது பின்னால் ஏறிய சத்தம் என்று சொல்ல ஆள் இருந்தார்கள். காட்சிக்கும் ரொமேரோ, இணைக் கதாசிரியர் ஜான் ரூசோ, தயாரிப்பாளர் ரஸ்ஸல் ஸ்ட்ரெய்னர் மேற்பார்வை இருந்தது. 2016 நவம்பரில் அருங்காட்சியகத்தில் மீட்டெடுத்த பிரதி திரையிடப்பட்டது. 2017 ஜூலையில் ரொமேரோ காலமானார். எடுத்தவர்கள் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கியவர்களுக்கு நாங்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

2018-இல் ப்ளூ-ரே வெளியிட்ட டிஸ்க் நிறுவனமான க்ரைட்டீரியன் குழுவினருக்கு: படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டாமல் 1.37 விகிதத்திலேயே (உயரத்தைப் போல 1.37 மடங்கு அகலம்) விட்டதற்கு நன்றி. 1920-க்கு 1080 சட்டத்தில் படம் சுமார் 1480 பிக்சல் அகலம்தான் வரும். இருபக்கமும் கருப்புப் பட்டை விழும். அது குறையல்ல. கிரெய்னை, அதாவது ஃபிலிமின் இயல்பான துகள் சொரசொரப்பை, அழுத்தாமல் டிஸ்க்கில் ஏற்றியது அதைவிடக் கடினம். கிரெய்ன் பிரேமுக்குப் பிரேம் மாறுவதால் பிட் ரேட்டை (நொடிக்கு இவ்வளவு தரவு என்ற அளவை) விழுங்கும்; மிச்சம்பிடிக்கப் பார்த்தால் நிலவறை இருட்டில் கட்டம் கட்டமாக உடையும். 'நைட் ஆஃப் அனுபிஸ்' என்ற ஒர்க் பிரின்ட்டையும் (எடிட்டிங்கின்போது வெட்டி ஒட்டிப் பார்க்கும் பிரதி) 16 மி.மீ. நாள்வாரிக் காட்சிகளையும் (அன்றன்று எடுத்ததைப் போட்டுப் பார்க்கும் பிரதி) சேர்த்துக் கொடுத்தீர்கள். எடிட்டிங் கற்பவர்களுக்கு அது பெரிய கொடை.

வாங்க நினைக்கும் நம்மவர்களுக்கு இரண்டு சொல். ப்ளூ-ரேக்காக உலகை ஏ, பி, சி என்று மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த ப்ளூ-ரே ஏ மண்டலத்துக்கானது. மலேசியா, சிங்கப்பூரில் சிக்கலில்லை. இந்தியாவும் இலங்கையும் சி மண்டலம் என்பதால் சாதாரண பிளேயரில் ஓடாது. 2022-இல் வந்த 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது, ஆனால் 4கே பிளேயர் வேண்டும். டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கையும் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணைத்துவிட்டு, ஷார்ப்னெஸைக் குறைத்து வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் இவர்கள் விட்டுவைத்த கிரெய்னை உங்கள் டிவி துடைத்துவிடும்.

நன்றியுடன்,
பழைய படச்சுருள்களோடு வேலை செய்யும் சிலர்