சால்வே ரெஜினா மக்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நிறைந்த எல்லோருக்கும்,

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்து நியூபோர்ட் நகரிலுள்ள நம் சால்வே ரெஜினா பல்கலைக்கழகத்தில் மே மாதம் பட்டம் வாங்கியபோது மேடையில் இருந்தவர்களிடம் மட்டும்தான் நன்றி சொல்ல முடிந்தது. மேடைப் பக்கமே வராதவர்கள் பலர் இருக்கிறீர்கள். இந்த மடல் உங்களுக்கு.

முதலில் இந்தக் கல்லூரியைத் தொடங்கிய மெர்சி சபைக் கத்தோலிக்கச் சகோதரிகளுக்கு. ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட் வடிவமைத்து 1892இல் கட்டி முடிந்த ஓக்கர் கோர்ட், கோலெட் குடும்பத்தின் கோடைக்கால மாளிகை. 1947இல் ராபர்ட் கோலெட் அதை உங்களுக்குக் கொடையாகத் தந்தார். 58 மாணவிகளோடு கல்லூரியைத் தொடங்கினீர்கள். நியூபோர்ட்டில் எத்தனையோ மாளிகைகளை இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடியும். எங்களுக்கோ அப்படிப்பட்ட வீடுகளிலேயே வகுப்பு, அலுவலகம், விடுதி எல்லாம். பழைய கட்டடத்தைக் காப்பாற்ற அதில் ஆட்கள் புழங்குவதைவிட நல்ல வழி இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை நீங்கள் பல வருஷங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டீர்கள். நான் உங்கள் மதத்தைச் சேர்ந்தவள் இல்லை; அதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. சிற்றாலயத்தில் ஜான் லா ஃபார்ஜின் வண்ணக் கண்ணாடி சன்னல்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு சிஸ்டர் கேட்டது, "சாப்பிட்டாயா?" என்பது மட்டும்தான்.

அப்புறம் கட்டடப் பராமரிப்புக் குழுவினருக்கு. இரண்டாம் வருஷம் நான் தங்கியிருந்த வாட்ஸ் ஷெர்மன் இல்லம் 1870களில் எச்.எச்.ரிச்சர்ட்சன் வடிவமைத்தது. அதன் சுவரில் பதித்த மரச்சில்லுகளை நீங்கள் மாற்றும்போதெல்லாம் நான் வந்து நின்று தொணதொணவென்று கேள்வி கேட்பேன். ஒருமுறைகூட நீங்கள் முகம் சுளித்ததில்லை. உப்புக் காற்று ஆணியை எப்படித் தின்னும், பழைய கல் இடுக்கில் கெட்டி சிமெண்டை அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே ஏன் உதிரும், சுண்ணாம்புக் கலவை ஏன் அங்கே பொருந்தும் என்றெல்லாம் உங்கள் ஏணிக்கடியில் நின்றுதான் கற்றுக்கொண்டேன். வகுப்பில் படித்ததற்கு அதன் பிறகுதான் பொருள் புரிந்தது.

என் பேராசிரியர்களுக்கு: 2022 மார்ச்சில் கிளிஃப் வாக் என்ற கடலோரப் பாறை நடைபாதையின் ஒரு பகுதி இடிந்து சரிந்ததும், எங்களை வேலிக்கு இப்பால் நிறுத்தி, பாறை அரிப்பை நேரில் காட்டியதற்கு நன்றி. எந்தப் பிரிவில் சேருவது என்று குழம்பிக்கொண்டிருந்த நான் மரபுக் கட்டடப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தது அன்றைக்குத்தான்.

மெக்கிலப் நூலகத்தார், பழைய வரைபடங்களைத் தேடித் தேடி எடுத்துத் தந்தீர்கள். மைலி ஹால் சமையற்கூடத்து அக்காமார், நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று தெரிந்த நாள் முதல் தனியாக எடுத்து வைத்தீர்கள். நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட, என்னை ஃபால் ரிவர் ஊரிலுள்ள வீட்டுக்கு அழைத்துப்போன தோழியும் அவள் அம்மாவும் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். போர்த்துக்கீசியர் கீரை சூப்பில் தொத்திறைச்சி போடாமல் எனக்கென்று தனிச் சட்டியில் வைத்தீர்களே ஆன்ட்டி, எங்கள் அம்மா அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிராவிடன்ஸ் நகரில் பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. முதல் வேலையே செங்கல் இடுக்குகளைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசுவதுதான்! பராமரிப்புக் குழு அண்ணன்மாரே, கலவையின் பதம் பற்றி இன்னும் சில சந்தேகங்கள் இருக்கின்றன. அடுத்த மாதம் வருகிறேன்.

நன்றியும் அன்பும்,
2025ஆம் வருஷத்து மாணவி