ஆண்டறிக்கை 2024–25: மாறொளிர் விண்மீன் நோக்கல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் சங்கம் செய்த நோக்கல் பணிகளை இங்கே வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

ஆண்டு முழுவதும் நம் கவனம், ஒளி கூடிக் குறையும் மாறொளிர் மீன்கள் உள்ள வடமுடி (கொரோனா பொரியாலிஸ்) விண்மீன் மண்டலத்தின் மேலேயே இருந்தது. அங்குள்ள டி கொரோனா பொரியாலிஸ் பார்வைக்கு ஒரு புள்ளி. உண்மையில் ஒரு சிவப்புப் பெருமீனும் ஒரு வெண்குறுமீனும் (எரிந்து முடிந்து சுருங்கிய சிறிய, அடர்ந்த மீன்) ஏறத்தாழ 228 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பெருமீனிலிருந்து வழியும் ஹைட்ரஜன் வெண்குறுமீனின் மேல் படிந்து, அழுத்தமும் சூடும் ஏறி, சுமார் எண்பது ஆண்டுக்கு ஒரு முறை வெடிக்கிறது. 1866-இல் வெடித்தது, 1946-இல் வெடித்தது. வழக்கமாக ஒளிர்வெண் 10-இல் கிடப்பது சில மணி நேரத்தில் 2-க்கு ஏறிவிடும் (ஒளிர்வெண் என்பது மீனின் வெளிச்ச அளவு; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதல்). அதன் பிறகு வெறும் கண்ணுக்கு ஒரு வாரம்தான் தெரியும். 2023-இல் அது மங்கியதை வைத்து, 2024 செப்டம்பருக்குள் வெடிக்கலாம் என்று கணித்தார்கள். இந்த அறிக்கை ஆண்டு முடியும்வரை வெடிக்கவில்லை.

வெடிக்கவில்லை என்பதாலேயே நம் குறிப்பேட்டில் வெற்றுப் பக்கங்கள் விழுந்துவிட்டன. பார்த்தும் எழுதாமல் விட்ட இரவுகள் பல. இதைச் சங்கம் பெரிய குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வெடிப்பு தெரியவந்த பிறகு எல்லோரும் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது இல்லை?" என்பதைத்தான். அமெரிக்காவில் பகலாக இருக்கும் நேரம் நமக்கு இரவு. அந்த மணிகளை நாம் விட்டால் அங்குள்ள நோக்கர்களால் நிரப்ப முடியாது. முடியின் கிழக்கு ஓரத்தில் உள்ள எப்சிலான் என்ற மீனின் ஒளிர்வெண் 4.1. அதற்குத் தெற்கே ஏறத்தாழ ஒரு பாகை தள்ளி வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால், நேரத்தைக் குறித்து "<4.1" (4.1-ஐவிட மங்கல்) என்று எழுதினால் போதும், அரை நிமிட வேலை.

அதே முடியின் கிண்ணத்துக்குள் இருக்கும் ஆர் கொரோனா பொரியாலிஸ் இதற்கு நேர் எதிர்: சாதாரணமாக ஒளிர்வெண் 6, திடீரென்று 14 வரையும் அதற்குக் கீழும் விழும். ஹைட்ரஜன் வற்றி, கார்பன் மிகுந்த அந்த மீன் உமிழும் புகைக்கரி நம் பார்வைக் கோட்டில் திரண்டு திரைபோல மறைத்துவிடுகிறது. 2007-இல் விழுந்தது பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் பிடித்தன. 10×50 பைனாகுலரில் தினமும் பார்க்கத் தகுந்த மீன் இது.

இனி மதிப்பீடுகளில் கண்ட பிழைகள். முறை எளிது: மாறும் மீனைவிடச் சற்று வெளிச்சமான ஓர் ஒப்பு மீன் (ஒளிர்வெண் தெரிந்த, மாறாத மீன்), சற்று மங்கலான இன்னொன்று. முதலாவது 5.8, இரண்டாவது 6.6 என்றால் இடைவெளி 0.8. நம் மீன் அதில் கால்வாசி தூரம் இறங்கியதுபோல் தெரிந்தால் 5.8 + 0.2 = 6.0. பிசகுவது கண்ணில். இருட்டில் இருபது, முப்பது நிமிடம் பழகாத கண் மங்கலான ஒப்பு மீனைத் தவறவிடும். சிவப்பு மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது வெளிச்சமாகிக்கொண்டே போவதுபோல் இருக்கும். ஆகவே மீரா, திருவாதிரை ஆகிய சிவப்பு மாறொளிர் மீன்களை ஓரிரு விநாடி மட்டும் பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும், பைனாகுலர் குவியத்தைச் சற்றுக் கலைத்தால் இன்னும் நல்லது. இரண்டு மீன்கள் மேலும் கீழுமாக நின்றால் ஒன்று கூடுதல் வெளிச்சமாகத் தோன்றும். தலையைச் சாய்த்து இரண்டும் கண்களுக்கு இணையாக வரும்படி வைத்துக்கொள்ளவும். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, முந்தைய நாள் எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுவது. பழைய பக்கத்தைப் புரட்டாமல் எழுதுங்கள்.

நேரக் கணக்கிலும் குழப்பம் இருந்தது. ஜூலியன் நாள் (மாதம், ஆண்டு இன்றி நாட்களைத் தொடர்ந்து எண்ணும் வானியல் கணக்கு) உலக நேரப்படி நண்பகலில் மாறுகிறது. நமக்கு அது மாலை 5.30. ஆகவே நம் இரவு முழுவதும் ஒரே நாள் எண்தான். நள்ளிரவு தாண்டியதும் எண்ணைக் கூட்டியது தவறு. மாலை 5.30-க்குப் பின் கழிந்த மணிகளை 24-ஆல் வகுத்தால் தசமம் கிடைக்கும். 2025 மார்ச் 1 இரவு 9.30 என்றால் நான்கு மணி, அதாவது 2460736.17. இந்திய நேரத்தை அப்படியே உலக நேரமாக எழுதியவர்களுக்கு ஐந்தரை மணி பிசகும். மீராவின் ஒளி கூடிக் குறையும் சுற்று 332 நாள், அதற்கு இது பொருட்டில்லை. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை மீனான அல்கோலின் மறைப்பு முழுவதுமே பத்து மணி நேரம்தான். அங்கே அந்தப் பதிவு பயன்படாது.

கேமராவில் எடுப்பவர்கள் ரா வடிவத்தில் எடுக்கவும். ஜேபெக் வெளிச்ச விகிதத்தையே மாற்றிவிடும். குவியத்தைச் சற்றுத் தளர்த்தி, மீன் ஒரே பிக்சலில் நிரம்பி வழியாமல் பரவும்படி செய்து, பச்சை நிறத்தை மட்டும் அளக்கவும்.

வடகிழக்குப் பருவமழையிலும், நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலிலும் பல இரவுகள் போயின. வடமுடியும் நவம்பரில் சூரிய ஒளியில் அமிழ்ந்துவிடும். டிசம்பர் கடைசியில் விடியற்காலைக் கிழக்கில்தான் மறுபடி பிடிக்க முடிந்தது. அந்த ஈரத்தில் ஒரு பைனாகுலரின் உள்லென்ஸில் பூஞ்சை படர்ந்துவிட்டது. இனி எல்லாக் கருவிகளும் மூடி இறுகும் டப்பாவில், சிலிகா ஜெல்லோடு இருக்கும். ஈரம் ஏறி அதன் நீல மணிகள் வெளிறிச் சிவந்ததும் வறுத்து உலர்த்த வேண்டும். பனி படிந்த லென்ஸைத் துணியால் துடைக்காதீர்கள், உலரவிட்டு மூடுங்கள்.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலியின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். தென்வானில் தாழ இருக்கும் அந்த மீனை, தொடுவானம் தெளிந்திருக்கும் ஜனவரி மாலைகளில் நம் எட்டு அங்குல டெலஸ்கோப்பில் பார்ப்பதை வரும் ஆண்டுத் திட்டத்தில் சேர்க்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். வடமுடிக்கு இரவு முறைப்பட்டியல் ஏப்ரல் முதல் வாரத்திலேயே தயாராக வேண்டும். பெயர் தர விரும்புவோர் இன்றே குறிப்பேட்டில் எழுதவும்.

இப்படிக்கு,
செயலாளர்