மரபணு வேறு, பரம்பரை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டிசம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையில் ‘மரபணு’, ‘பரம்பரை’ என்னும் சொற்கள் ஒரே பொருளில் மாறி மாறி ஆளப்பட்டிருந்தன. சொல்தானே என்று விட்டுவிட மனம் வரவில்லை. ‘பரம்பரைக் குறைபாடு’ என்று அச்சில் வந்துவிட்டால், அது தாய்வழி வந்ததா தந்தைவழி வந்ததா என்ற விசாரணை வீட்டில் அன்றே தொடங்கிவிடும். பெரும்பாலும் அது தாயின் தலையில்தான் முடியும்.

ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. 1977இல் மனநல மருத்துவர்களான சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஒரே மரபணுக்களைக் கொண்ட ஒருகரு இரட்டையரான 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. சாதாரண உடன்பிறப்புகளைப் போலவே மரபணு ஒற்றுமை கொண்ட இருகரு இரட்டையரான 10 இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறு இல்லை. தாயின் பாசக்குறைவே காரணம் என்று முன்பு சொல்லப்பட்ட கொடிய கருத்தை வலுவிழக்கச் செய்ததில் அந்தச் சிறிய ஆய்வுக்கும் பங்குண்டு. ஐந்து நாடுகளின் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, மரபியலின் பங்கை ஏறத்தாழ 80 விழுக்காடு என மதிப்பிட்டது. ஒரு குழந்தையின் ஆட்டிசத்தில் 80 விழுக்காடு மரபணுவால் வந்தது என்பது இதன் பொருளன்று. மக்களிடையே ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் விளைகிறது என்பதையே அந்த எண் குறிக்கிறது.

சில குழந்தைகளிடம் சிஎச்டி8, ஷேங்க்3 போன்ற மரபணுக்களில் காணப்படும் மாற்றம், பெற்றோர் இருவரையும் பரிசோதித்தாலும் பெரும்பாலும் தென்படுவதில்லை. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது அது புதிதாக நேர்ந்திருக்கும். அங்கே காரணம் மரபணுவில் இருக்கிறது, பரம்பரையில் இல்லை. பெற்றோர் வழியாக வருவனவும் உண்டு. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை எல்லோரிடமும் பரவலாகக் காணப்படும் நுண்ணிய வேறுபாடுகள்; தனித்தனியே மிகச் சிறிய விளைவே உடைய அவை தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து சேருகின்றன.

இந்த வேறுபாடு, அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படுவது. மூத்த குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பின் அடுத்த குழந்தைக்கும் அது இருக்கும் வாய்ப்பு பொதுவாக ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. காரணம் புதிதாக நேர்ந்த மாற்றம் என உறுதியானால், அதே மாற்றம் மீண்டும் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. மரபணு ஆலோசகர் விளக்க வேண்டிய இச்செய்தியைக் கட்டுரை தொடவே இல்லை. அடுத்த முறை இப்பொருள் பற்றி எழுதுகையில், மரபணு ஆலோசனையைப் பற்றி ஒரு பத்தியேனும் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்